பத்துப் பேர் கூடாத நாளில்

கூடிச் செபிக்க எத்தனை பேர் வேண்டும்? இரண்டு மூன்று பேர் போதும் என்பது நாம் நற்செய்தியிலிருந்து பெற்ற கணக்கு. யூத மக்களின் கணக்கு பத்து. பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பதின்மர் ஓரிடத்தில் கூடினாலன்றிப் பொதுச் செபத்தின் சில பகுதிகளைச் சொல்லலாகாது என்பது அவர்களுடைய பழைய ஒழுங்கு. அப்பதின்மர் குழுவுக்கு 'மின்யான்' என்று பெயர். இக்காலத்தில் சில பிரிவினர் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றனர்.

அப்படிப் பதின்மர் கூடிச் சொல்லும் செபங்களுள் ஒன்று 'கத்தீஷ்'. தந்தையையோ தாயையோ இழந்த மகன் பதினொரு மாத காலம் நாள்தோறும் செபக்கூடம் சென்று அதனைச் சொல்வது வழக்கம். அதில் இறந்தவரின் பெயர் இல்லை. மரணம் என்ற சொல்லும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை இறைவனின் திருப்பெயருக்குப் புகழ்ச்சியே. துயருற்றவன் சொல்ல, சூழ நிற்போர் 'ஆமென்' என்று விடையிறுக்க வேண்டும். விடையிறுக்க ஆளில்லாவிடில் கத்தீஷ் இல்லை. ஆகவே, வீட்டில் முடங்கி அழ வேண்டியவனை அச்செபமே கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஒன்பது பேர் நடுவில் நிறுத்திவிடுகிறது.

2020-ஆம் ஆண்டில் வந்த கொரோனாக் கொள்ளைநோய் இந்தப் பத்து என்னும் எண்ணின்மீதே கைவைத்தது. பதின்மர் கூடுவது உயிருக்கு ஆபத்து என்றாயிற்று. கூடிச் செபிப்பது கடமை. உயிரைக் காப்பதும் கடமை. இரண்டும் மோதிக்கொண்டபோது அம்மக்கள் எதை விட்டார்கள், எதைப் பற்றிக்கொண்டார்கள் என்பதை இம்மாதம் நாம் சிந்திப்போம்.

வாழ்வதற்காகத் தந்த கட்டளை

இந்த மோதல் புதிதன்று. நம் விவிலியத்திலுள்ள மக்கபேயர் முதல் நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டினால் இதைக் காணலாம். அந்தியோக்கு மன்னனின் படைவீரர், மலைக் குகைகளில் ஒளிந்திருந்த யூதரை ஓய்வு நாளில் தாக்கினர். ஓய்வு நாளின் புனிதம் கெடலாகாது என்று எண்ணிய அவர்கள் ஒரு கல்லைக்கூட எடுத்து எறியவில்லை. குகை வாயிலையும் அடைக்கவில்லை. பெண்டு பிள்ளைகளோடு ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். செய்தி கேட்ட மத்தத்தியாவும் அவர் தோழரும் பெரிதும் துக்கித்தனர். துக்கித்தபின் ஒரு முடிவுக்கும் வந்தனர்: இனி ஓய்வு நாளில் எவரேனும் தாக்க வந்தால் எதிர்த்து நிற்பதே முறை, இல்லாவிடில் ஓய்வு நாளை அனுசரிக்கவே ஒருவரும் மிஞ்சமாட்டார்.

பிற்காலத்து மறைநூலறிஞர் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்தனர். இறைவன் தந்த சட்டங்களைக் கடைப்பிடிப்பவன் அவற்றால் வாழ்வான் என்று லேவியர் நூல் கூறுவதை எடுத்துக்கொண்டு, வாழ்வதற்காகத் தந்த சட்டம் சாவதற்குக் காரணமாகலாகாது என்று விளக்கினர். எபிரேய மொழியில் இதற்குப் 'பிக்குவாஹ் நெஃபெஷ்' என்று பெயர். உயிர் காத்தல் என்பது பொருள். சிலைவழிபாடு, கொலை, முறைகேடான உறவு ஆகிய மூன்றையும் தவிர, வேறெந்தக் கட்டளையும் உயிர் காக்கும் கடமைக்கு வழிவிட்டாக வேண்டும்.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இது வலுவற்றவர்களுக்கு அளித்த சலுகையன்று; கடமையாகும். உயிருக்கு ஆபத்து என்று அறிந்தும் நோன்பிருப்பவன் பக்திமான் அல்லன். அவன் கட்டளையை மீறியவன். இந்தத் தெளிவு இருந்தமையால்தான், நோய்க்காலங்களில் அம்மக்கள் செபக்கூடத்தின் கதவை மூடியபோதும் இறைவனைக் கைவிட்டுவிட்டதாக எண்ணவில்லை.

பழி சுமந்த காலம்

யூதர்களுக்குக் கொள்ளைநோய் எப்போதும் இரட்டைத் துன்பமாகவே வந்தது. நோய் ஒன்று, பழி மற்றொன்று. 1348-ஆம் ஆண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய பெருங்கொள்ளைநோய்க்குக் காரணம், யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டதே என்று வதந்தி பரவியது. 1349 பெப்ருவரி 14-ஆம் நாள் ஸ்திராஸ்பூர் நகரில் யூதர்கள் நூற்றுக்கணக்கில் எரித்துக் கொல்லப்பட்டனர். அப்போது அந்நகருக்கு நோய் இன்னும் வந்து சேரக்கூட இல்லை. அவிஞ்ஞோனிலிருந்து ஆட்சி செய்த திருத்தந்தை ஆறாம் கிளமெந்து 1348-லேயே இதைக் கண்டித்து ஆணை மடல்கள் விடுத்தார். யூதர்களும் அதே நோயால் மடிகின்றனர், யூதரே இல்லாத நாடுகளிலும் நோய் பரவியுள்ளது, ஆகவே இப்பழி நம்பத்தக்கதன்று என்று அவர் எடுத்துரைத்தார். கேட்டவர் சிலரே. ஞானஸ்நானம் பெற்றவர்களின் கைகளே அக்கொலைகளைச் செய்தன என்பதை இதைப் படிக்கும் நாம் மறந்துவிடலாகாது. 2020-ஆம் ஆண்டிலும் இதே பழி புதிய உருவில் எழுந்தது.

உரோமை நகரில் ஒரு சன்னல்

உரோமை நகரில் 1555-ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் பவுலின் ஆணையால் யூதர்கள் 'கெத்தோ' என்னும் மதில் சூழ்ந்த குடியிருப்புக்குள் அடைக்கப்பட்டனர். திபேர் ஆற்றங்கரையில் தாழ்ந்த நிலம், நெருக்கமான வீடுகள், இரவில் வாயில்களுக்குப் பூட்டு. 1656-ஆம் ஆண்டில் அந்நகரைக் கொள்ளைநோய் பற்றியபோது, ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழ்ந்த அச்சிறு பகுதியும் முற்றிலும் அடைபட்டது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர்.

அப்போது அங்கே யாக்கோபு சகலோன் என்ற இளைஞர் இருந்தார். 1630-ல் பிறந்த அவர் மருத்துவராகவும் ரபியாகவும் விளங்கியவர். அந்நாட்களைப் பற்றிப் பின்னர் தம் மருத்துவ நூலில் எழுதினார். 1683-ல் வெனிசு நகரில் அச்சான அந்நூலின் பெயருக்கு 'வாழ்வின் கருவூலம்' என்று பொருள். நோயாளியைக் காணச் செல்லும் மருத்துவர், காற்றைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி, எரியும் தார்ப்பந்தத்தை வாய்க்கு நேரே பிடித்துச் செல்வராம். அக்காலத்து மருத்துவம் அறிந்தது அவ்வளவே. ஆனால் கூட்டம் கூடுவதில் தீங்குண்டு என்பதை அறிந்திருந்தனர், செபக்கூடங்கள் மூடப்பட்டன.

ஓய்வு நாள் வந்தது. மறையுரை கேளாமல் ஓய்வு நாளைக் கழிப்பது எங்ஙனம்? சகலோன் ஒரு வீட்டின் மூலைச் சன்னலில் நின்றார். மக்கள் கீழே தெருவில் நின்றனர். சன்னலே மேடையாயிற்று, தெருவே செபக்கூடமாயிற்று. ஏற்கெனவே மதிலுக்குள் அடைபட்ட மக்கள், மேலும் வீட்டுக்குள் அடைபட்ட வேளையிலும், ஒருவர் குரலை ஒருவர் கேட்பதற்கு வழி தேடிக் கண்டனர்.

பதினைந்து பேரும் காவலரும்

1831-ஆம் ஆண்டு காலரா என்னும் வாந்திபேதி ஐரோப்பாவுக்குள் புகுந்தது. அப்போது பிரஷிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த, இன்று போலந்து நாட்டிலுள்ள போசென் நகரின் தலைமை ரபி அக்கிவா ஏகர். அக்காலத்து யூத உலகம் போற்றிய பேரறிஞர்; எழுபது வயது முதியவர். செபக்கூடம் சிறிது, வருவோர் பலர் என்பதைக் கண்ட அவர், ஒரு வேளைக்குப் பதினைந்து பேருக்கு மேல் கூடலாகாது என்று வரையறுத்தார். விடியற்காலை தொடங்கி ஒரு குழுவின்பின் மற்றொரு குழுவாகச் செபித்துச் செல்லவேண்டும். வாயிலில் நெருக்கடி நேராமல் காக்கக் காவலரின் உதவியையும் நாடுமாறு சொன்னார். வீட்டையும் உடலையும் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், மருத்துவர் விதித்த உணவு முறையை மீறாதிருக்கவும் பணித்தார். மருத்துவர் சொல்லை மீறுவது இறைவன் திருமுன் பாவமாகும் என்பது அவர் துணிபு. அவருடைய தொண்டைப் பாராட்டிப் பிரஷிய மன்னர் நன்றி மடல் அனுப்பினார்.

கவனியுங்கள்: செபத்தைக் கைவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பத்துப் பேர் வேண்டும். பதினைந்துக்கு மேல் வேண்டாம். கட்டளைக்கும் உயிருக்கும் இடையே எஞ்சியிருந்த சிறிய இடத்தை அளந்து, அதற்குள் தம் மக்களை நிறுத்தினார்.

பதினேழு ஆண்டுகளுக்குப்பின், 1848-ல், லித்துவேனியாவின் வில்னா நகரில் அவ்விடமும் இல்லாது போயிற்று. வாந்திபேதி உச்சத்தில் இருந்த வேளையில் பாவப் பரிகாரத் திருநாள் வந்தது. யூத ஆண்டில் அதைவிடப் புனித நாள் இல்லை. ஒரு நாள் மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை நீரும் அருந்தாத நோன்பு. நலிந்த உடலை நோய் எளிதில் பற்றும் என்று மருத்துவர் எச்சரித்தனர். இஸ்ராயேல் சலாந்தர் என்ற ரபி, அந்நாளில் உண்ணலாம் என்று அறிவிப்புகள் ஒட்டச் செய்தார். அவரே செபக்கூடத்தின் மேடையேறி, மக்கள் கண்முன் ஒரு சிறு பண்டத்தை எடுத்து உண்டு காட்டினார் என்ற செய்தியும் வழிவழியாக, பல வடிவங்களில், சொல்லப்பட்டு வருகிறது. அவரைக் கண்டித்தவர்களும் இருந்தனர். அவரோ சொல்லோடு நிற்கவில்லை. தம் மாணவரைத் திரட்டி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அனுப்பினார். ஓய்வு நாளில் நெருப்பு மூட்டலாகாது என்பது சட்டம். நோயாளிக்கு வெந்நீர் வைக்க அவர்கள் தயங்காமல் மூட்டினர்.

பாஸ்கா இரவு, 2020

இவ்வளவும் அறிந்த ஒரு சமுதாயம் 2020-ல் எவ்வாறு நடந்தது? முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம்: எல்லாரும் ஒன்றுபோல் நடக்கவில்லை. மார்ச்சு 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் என்று அறிவிப்பதற்கு முந்திய நாள்தான், எஸ்தர் அரசியின் வரலாற்றைக் கூடி வாசித்து விருந்துண்ணும் 'பூரிம்' திருவிழா முடிந்திருந்தது. நியூயார்க்கிலும் இஸ்ராயேலிலும் அவ்விழாக் கூட்டங்கள் நோய்க்கு வழியாயின. டெல் அவீவ் அருகிலுள்ள பினே பிராக் நகரில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் மிக நெருங்கி வாழ்கின்றனர். பெரும்பாலோர் தீவிர மரபினர். ஏப்ரல் தொடக்கத்தில் அரசு அந்நகரையே அடைத்தது. மறைக் கல்வி நின்றுவிடலாகாது என்று மார்ச்சு நடுவில் சொல்லியிருந்த அந்நகரின் முதிய ரபி ஹாயிம் கனியெவ்ஸ்கி, மாத இறுதியில், தனித்தனியே செபிக்குமாறு பணித்தார். இடையில் கழிந்த நாட்களுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. பின்னரும் ஒளிவு மறைவாகத் திருமணக் கூட்டம் கூட்டியோர் உண்டு. நியூயார்க்கில் முகக்கவசங்களைத் தெருவில் எரித்தோரும் உண்டு.

இங்கிலாந்திலும் வேல்சிலும் யூதரிடையே சாவு விகிதம் கிறிஸ்தவரிடையே இருந்ததைவிட மிகுந்திருந்ததை அரசின் புள்ளிவிவர அலுவலகம் அவ்வாண்டு சூன் மாதத்தில் எடுத்துக்காட்டியது. இதற்குக் காரணம் பலவாகலாம். ஆனால் ஒன்று கண்கூடு. அடிக்கடி கூடுதல், விருந்தோம்பல், நோயுற்றோரைச் சந்தித்தல், துக்க வீட்டில் ஏழு நாள் சென்று அமர்தல் ஆகிய அவர்தம் நற்பண்புகளே நோய்க்கு வாசலாகிவிட்டன. தீய பழக்கத்தை விடுவது எளிதன்று. நல்ல பழக்கத்தை விடுவது அதனினும் கடினம்.

ஏப்ரல் 8-ஆம் நாள், புதன்கிழமை மாலை, பாஸ்காத் திருவிழா தொடங்கியது. மறுநாள் நமக்குப் பெரிய வியாழன். அவ்வாரம் நம் ஆலயங்களும் பூட்டிக் கிடந்தன. பாஸ்கா விருந்து செபக்கூடத்தில் நடப்பதன்று; வீட்டில் நடப்பது. பாட்டனார் முதல் பேரக்குழந்தை வரை ஒரே மேசையைச் சூழ அமர்வர். புளியாத அப்பமும் கசப்புக் கீரையும் நடுவில் இருக்கும். பசித்தோர் யாராயினும் வந்து உண்ணலாம் என்று விருந்தின் தொடக்கத்தில் அழைப்பு விடுப்பர். வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளைப் போலில்லையே, ஏன் என்று கேட்கும். அதற்கு விடையாக எகிப்தின் அடிமைத்தனமும் விடுதலையும் கதையாக விரியும்.

அந்த ஆண்டு அழைப்பு விடுக்க இயலவில்லை. இஸ்ராயேலில் அன்றிரவு ஊரடங்கு. பேரக்குழந்தைகள் ஒரு வீட்டிலும் பாட்டனார் வேறொரு வீட்டிலுமாக இருந்தனர். கைம்பெண்கள் பலர் ஒரு தட்டு மட்டும் வைத்து அமர்ந்தனர். கேள்வி கேட்கக் குழந்தை இல்லை.

ஆனால் அதற்கும் விடை முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட தல்மூது என்னும் பெருநூலில் ஓர் ஒழுங்கு உண்டு. கேட்பதற்கு மகன் இல்லையேல் மனைவி கேட்கட்டும். மனைவியும் இல்லையேல், மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். தனிமை ஒரு நாள் வரும் என்று அம்முன்னோர் அறிந்திருந்தனர். தனிமையில் இருப்பவனுக்கும் விடுதலையின் கதையைக் கேட்க உரிமையுண்டு, சொல்லக் கடமையுமுண்டு.

யாத்திராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரமும் அன்று புதுப்பொருள் தந்தது. முதல் பாஸ்கா இரவில், விடியும்வரை எவரும் வீட்டு வாயிலைக் கடந்து வெளியே செல்லலாகாது என்பதன்றோ மோயீசன் இட்ட கட்டளை? வெளியே சாவு நடமாட, கதவை அடைத்து உள்ளே அமர்ந்திருந்ததே விடுதலையின் தொடக்கம். அம்மக்களின் நினைவில் மூடிய கதவு தோல்வியின் அடையாளமன்று.

அறிஞர் கருத்து வேறுபாடு

தொலைவிலிருப்போரைத் திரையில் கண்டு விருந்தைக் கொண்டாடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. திருநாளில் மின்கருவிகளை இயக்கலாகாது என்பது மரபினர் ஒழுங்கு. இஸ்ராயேலில் வட ஆப்பிரிக்க மரபைச் சேர்ந்த 14 ரபிகள், திருநாள் தொடங்குமுன்பே கருவியை இயக்கி வைத்துவிட்டால், தனித்திருக்கும் முதியோரும் நோயாளரும் குடும்பத்தோடு கலந்துகொள்ளலாம் என்றனர். தனிமையின் துயரம் முதியோரின் உயிர்ப்பற்றையே குலைத்துவிடும் என்பது அவர்கள் கவலை. நாட்டின் தலைமை ரபிகள் இதை ஏற்கவில்லை. தனிமை வேதனைக்குரியதே, ஆயினும் திருநாளின் ஒழுங்கை மாற்ற அது போதிய காரணமன்று என்றனர். கத்தீஷைப் பற்றியும் இவ்வாறே. அமெரிக்காவில் நடுநிலைப் போக்குடைய பிரிவினர், நெருக்கடி நீங்கும்வரை திரைவழிக் கூடுகையில் அதைச் சொல்ல இசைந்தனர். மரபினர் இசையவில்லை. அவர்களுள் சிலர், இஸ்ராயேலின் அடுக்கு வீடுகளில், அவரவர் மாடிமுகப்பில் நின்று பத்துப் பேரை எண்ணிச் செபித்தனர். 1656-ன் சன்னல் மீண்டும் திறந்தது.

அதுவும் வாய்க்காதவர் பலர். தந்தையைப் புதைத்த நாளிலும் கத்தீஷ் சொல்லாமல் வீடு திரும்பினர். அவர்களுக்கு ரபிகள் சொன்னது இது: செபத்தை உம்மிடமிருந்து எடுத்தது நோயன்று, உயிரைக் காக்கவேண்டும் என்ற கட்டளையே எடுத்தது. ஆகவே சொல்லாமல் விட்டதும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலே. இறந்தவர் பெயரால் மறைநூலைப் படியும்; ஏழைக்கு ஈயும். இவ்வாறு கேட்டவுடன் துயரம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். அந்தக் குறை இன்றும் பலர் நெஞ்சில் ஆறாமல் இருக்கும். விசுவாசம் இழப்பை இழப்பில்லை என்று மறைப்பதில்லை. அதைச் சுமக்கத் தோள் தருகிறது.

நோயிலிருந்து பிழைத்தோர் செய்த ஒன்றையும் குறிப்பிடவேண்டும். நியூயார்க்கில் நலமடைந்த மரபு யூதர்கள் ஆயிரக்கணக்கில், தம் குருதியின் நிணநீரை முன்பின் அறியாத நோயாளிகளுக்காகக் கொடுத்தனர். அதற்காக வேற்று மாநிலங்களுக்கும் பயணம் செய்தனர். அச்சிகிச்சை எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. எனினும் கொடுத்த உள்ளம் வீண் என்று எவர் சொல்வார்?

நமக்கு ஒரு சொல்

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களைப் பற்றிய நம் பார்வையைத் திருத்தியது. 1986 ஏப்ரல் 13-ஆம் நாள், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரோமையின் பெரிய செபக்கூடத்துக்குச் சென்று யூதரை நம் மூத்த சகோதரர் என்று போற்றினார். அச்செபக்கூடம் நிற்பது, சகலோன் சன்னலில் நின்று மறையுரைத்த அதே பழைய கெத்தோப் பகுதியில்தான். மூத்தவர்களிடம் கற்பதில் இளையவர்க்கு இழிவில்லை.

அவர்களிடம் நாம் கற்பது இரண்டு. பக்தி என்பது ஆபத்தை அலட்சியம் செய்வதன்று. பிறர் உயிரைப் பேணுவது செபத்துக்கு வெளியே நிற்கும் அலுவலன்று, செபத்தின் ஒரு பகுதியே. இது முதலாவது. இரண்டாவது, ஆலயக் கதவு மூடும் நாளில் வீட்டு மேசை நிற்கவேண்டும். அது அன்று நிற்பதற்கு, கதவு திறந்திருக்கும் நாட்களிலேயே அதைச் சூழ அமர்ந்து பழகியிருக்க வேண்டும். பிள்ளை கேள்வி கேட்கவும், பெற்றோர் தம் விசுவாசத்தின் கதையைத் தம் வாயால் சொல்லவும் பழகாத வீட்டில், நெருக்கடி நாளில் அது தானாக முளைத்துவிடாது.

2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அந்நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. கதவுகள் திறந்துவிட்டன. ஆயினும் நம் பங்குகளில் முதுமையாலோ நோயாலோ ஆலயம் வர இயலாமல், ஒரு தட்டு மட்டும் வைத்து உண்பவர் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பெருந்தொற்று இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் அத்தகைய ஒருவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்று, அவரோடு ஒரு செபம் சொல்வோம். அவர் சொல்ல, நாம் 'ஆமென்' என்போம்.